மோலுக்குள் ஆங்கிலத்தில் வழி சொல்வது எப்படி: வன்னியிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து கொழும்பு ஷொப்பிங் மோல்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கான குறிப்பு இது. சேல்ஸ், கசியர், செக்கியூரிட்டி, தகவல் கவுண்டர் என்று நீங்கள் எந்த வேலையில் சேர்ந்தாலும், சட்டையில் பெயர் அட்டை குத்திய நிமிடத்திலிருந்து வெளிநாட்டுக்காரர் உங்களிடம் விலையை விட வழியைத்தான் கூடக் கேட்பார்கள். வோஷ்ரூம் எங்கே, லிஃப்ட் எங்கே, காரை விட்ட இடம் எங்கே.

இதற்கு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு மாதாமாதம் காசு கட்டி, இறந்தகாலம் எதிர்காலம் எல்லாம் பாடமாக்கி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முப்பது நாற்பது வசனம் போதும். அவற்றை எந்த ஒழுங்கில் சொல்வது, எங்கே தடுக்கும் என்பதுதான் முக்கியம். வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ‘ஃப’ என்று வருகிற இடத்தில் மேற்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். ‘ப’ என்று சொன்னால் வேறு சொல்லாகிவிடும். ‘ஒன்’ என்று வருவது இலக்கம் அல்ல, ‘on’ என்ற சொல். இலக்கம் ஒன்றை ‘வன்’ என்று எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று. “155ஆம் கட்டையில இறங்கி, மேற்கால போற கிரவல் றோட்டால போய், மதகு தாண்டிக் குளக்கட்டில ஏறுங்கோ” என்று வழி சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். மோலுக்குள் வெயிலும் இல்லை, மேற்கும் இல்லை. கேட்கிறவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாரோ, அதை வைத்துத்தான் இடமும் வலமும்.

1. முதல் நாளே வாங்க வேண்டிய தாள்கள்

இரண்டு தாள் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாடியினதும் வரைபடம் ஒன்று, கடை இலக்கத்தோடு கடைகளின் பெயர்ப் பட்டியல் மற்றது. தகவல் கவுண்டரிலோ நிர்வாக ஒஃபிஸிலோ இருக்கும். தர மறுத்தால் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பலகையை மாடிக்கு ஒன்றாகப் போனில் படம் எடுத்து, ஏ4 தாளில் அச்செடுங்கள். போனை மட்டும் நம்ப வேண்டாம். பல கடைகளில் வேலை நேரத்தில் போனை லொக்கரில் வைக்கச் சொல்வார்கள்.

வரைபடத்தில் இடம் மாறாதவற்றைச் சிவப்புப் பேனையால் குறியுங்கள்: லிஃப்ட், ஏறும் எஸ்கலேட்டர், இறங்கும் எஸ்கலேட்டர், வோஷ்ரூம், வெளிவாசல்கள், தீ விபத்துக்கான படிக்கட்டு, ஏ.டி.எம். கடைகளின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். கடைகள் மூடும், மாடி மாறும். சுவர்ப் பலகையில் பழைய பெயர் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாதம் ஒருமுறை சுற்றி வந்து பென்சில் பெயர்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து சிவப்புக் குறி ஒவ்வொன்றுக்கும் நடந்து நேரம் பாருங்கள். உங்கள் நடையில் வேண்டாம், வயதானவர் நடையில். “இட்ஸ் எபவுட் த்ரீ மினிட்ஸ் ஃப்ரொம் ஹியர்” என்று நிமிடத்தில் சொன்னால் எல்லா நாட்டுக்காரருக்கும் விளங்கும். மீற்றரில் சொன்னால் அடிக்கணக்கில் பழகிய அமெரிக்கருக்கு விளங்காது.

2. மாடிக் கணக்கில் தவறக்கூடாது

இலங்கையில் தரைத்தளம் “கிரவுண்ட் ஃப்ளோர்”. அதற்கு மேலே உள்ளது “ஃபேர்ஸ்ட் ஃப்ளோர்”. பிரித்தானியர், இந்தியர், அவுஸ்திரேலியருக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்கருக்கும் சீனருக்கும் ஜப்பானியருக்கும் தரைத்தளமே ஃபேர்ஸ்ட் ஃப்ளோர். நீங்கள் “செகண்ட் ஃப்ளோர்” என்று சொன்னால் அவர்கள் ஒரு மாடி கீழேயே இறங்கிக் கடையைத் தேடுவார்கள்.

தப்ப இரண்டு வழி. ஒன்று, லிஃப்ட் பொத்தானில் என்ன இருக்கிறதோ அதையே சொல்வது: “இட்ஸ் ஒன் லெவல் டூ. ப்ரெஸ் டூ இன் த லிஃப்ட்.” மற்றது, நிற்கிற இடத்திலிருந்து எண்ணிச் சொல்வது: “இட்ஸ் டூ ஃப்ளோர்ஸ் அப் ஃப்ரொம் ஹியர்.” இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் தவற மாட்டார்கள். ‘லெவல்’ என்று சொல்வதில் இன்னொரு வசதி, ‘தேர்ட்’ என்ற கடினமான சொல்லுக்கு நாக்கை வளைக்கத் தேவையில்லை.

கீழ்த்தளம் வந்தால் கவனம். பேஸ்மென்ட் ஒன்றுக்கு ‘பி’ எழுத்து, பார்க்கிங் ஒன்றுக்கும் ‘பி’ எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்து. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும். ஆகவே எழுத்தைச் சொல்லவே வேண்டாம். “பேஸ்மென்ட் லெவல் வன்”, “பார்க்கிங் லெவல் வன்” என்று முழுச் சொல்லாகச் சொல்லுங்கள்.

3. நாலு துண்டாகச் சொல்லுங்கள்

எந்த மாடி, எதில் ஏறுவது, இறங்கியதும் எந்தப் பக்கம், கண்ணில் என்ன படும். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஒரு முழு உதாரணம்:

“இட்ஸ் ஒன் லெவல் டூ. டேக் தட் எஸ்கலேட்டர். வென் யூ கெட் ஒஃப், டேர்ன் லெஃப்ட். இட்ஸ் நெக்ஸ்ட் டு த புக்ஷொப்.”

ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு ஒரு மூச்சு விடுங்கள். வேகமாகச் சொல்வது நல்ல ஆங்கிலம் என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. கேட்கிற சீனருக்கோ ரஷ்யருக்கோ ஆங்கிலம் தாய்மொழி இல்லை, அவர்களும் உங்களைப் போலத்தான் சொல் சொல்லாகப் பிடிக்கிறார்கள்.

ஏறுவதற்கு: “டேக் த லிஃப்ட்”, “டேக் த எஸ்கலேட்டர்”, “யூஸ் த ஸ்டெயர்ஸ்”. சில மோல்களில் அடுத்த மாடிக்கான எஸ்கலேட்டர் அதே இடத்தில் தொடங்காது. சுற்றிப் போக வேண்டும். ஆட்கள் திகைத்து நிற்பது அங்கேதான். “வோக் அரவுண்ட் டு த அதர் சைட் ஃபோர் த நெக்ஸ்ட் எஸ்கலேட்டர்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ பெரிய பெட்டியோ கண்டால் எஸ்கலேட்டர் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. “ப்ளீஸ் டேக் த லிஃப்ட். இட்ஸ் பிஹைண்ட் யூ.” அமெரிக்கர் லிஃப்டை ‘எலிவேட்டர்’ என்றும், குழந்தை வண்டியை ‘ஸ்ட்ரோலர்’ என்றும், கார் பார்க்கை ‘பார்க்கிங் லொட்’ என்றும், வோஷ்ரூமை ‘ரெஸ்ட்ரூம்’ என்றும் கேட்பார்கள். ரெஸ்ட்ரூம் என்றதும் இளைப்பாறும் அறை என்று சோபா போட்ட இடத்துக்கு அனுப்பிவிட வேண்டாம்.

திரும்புவதற்கு: “டேர்ன் லெஃப்ட்”, “டேர்ன் ரைட்”, “கோ ஸ்ட்ரெய்ட்”, “கீப் வோக்கிங்”. அடையாளத்துக்கு: “யூ வில் சீ எ பேங்க்”, “இட்ஸ் ஒன் யோர் ரைட்”. அடையாளமாகச் சொல்லும் பொருள் பெரிதாகவும் அசையாததாகவும் இருக்கட்டும். தள்ளுவண்டிக் கடையையும் பண்டிகை அலங்காரத்தையும் சொன்னால், நாளைக்கு அது இருக்காது.

நாலு துண்டில் அடங்காத வழியென்றால் பாதி வழி மட்டும் சொல்லுங்கள்: “கோ டு லெவல் த்ரீ, தென் ஆஸ்க் த செக்கியூரிட்டி கார்ட்.” முடிந்தால் லிஃப்ட் வாசல்வரை கூட்டிப் போய் விடுங்கள்: “கம், ஐ வில் ஷோ யூ.”

4. பக்கம், எதிர், பின்

‘நெக்ஸ்ட் டு’ பக்கத்தில். ‘பிட்வீன் த பேங்க் அண்ட் த ஃபார்மசி’ இரண்டுக்கும் நடுவில். ‘அட் த எண்ட்’ கடைசியில். ‘ஒன் த கோர்னர்’ மூலையில். இவற்றில் சிக்கல் இல்லை.

சிக்கல் ‘இன் ஃப்ரன்ட் ஒஃப்’ என்பதில். வங்கிக்கு முன்னால் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் நடைபாதைக்கு அந்தப் பக்கம், எதிரே உள்ள கடையை. அதை “இன் ஃப்ரன்ட் ஒஃப் த பேங்க்” என்று சொன்னால், வங்கி வாசலிலேயே ஏதோ கடை இருக்கிறதென்று அவர் அங்கே நின்று தேடுவார். எதிரே என்றால் “ஒப்பொசிட் த பேங்க்”. அமெரிக்கருக்கு “அக்ரொஸ் ஃப்ரொம் த பேங்க்”.

பின்பக்கம் என்பதை ‘பேக்சைட்’ என்று மொழிபெயர்க்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் அது ஆளின் பிட்டம். “பிஹைண்ட் த சினிமா”, “அட் த பேக்” என்று சொல்லுங்கள்.

தாண்டி என்பதற்கு ‘பாஸ்ட்’: “வோக் பாஸ்ட் த ஷூ ஷொப்.” இதை ‘ஃபாஸ்ட்’ என்று சொன்னால் விரைந்து நடக்கச் சொல்கிறீர்கள் என்று விளங்கும்.

5. அதிகம் தடுக்கும் இடங்கள்

லெஃப்டும் லிஃப்டும். எங்கள் ஆட்களுக்கு வருகிற முதல் வில்லங்கம் இது. “டேக் எ லெஃப்ட்” என்றால் இடப்பக்கம் திரும்பு. “டேக் த லிஃப்ட்” என்றால் லிஃப்டில் ஏறு. அவசரத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். இடப்பக்கத்துக்கு எப்போதும் “டேர்ன் லெஃப்ட்” என்று ‘டேர்ன்’ சேர்த்தே பழகுங்கள், ‘டேக்’ என்பதை ஏறுவதற்கு மட்டும் வையுங்கள். சொல்லும்போது கையும் அந்தப் பக்கம் போகட்டும். விரலை நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுவது மரியாதை.

ரைட். பஸ் கொண்டக்டர் “ரைட், ரைட்” என்று கத்துவதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ரைட் என்றால் சரி. வாடிக்கையாளர் “சோ, டேர்ன் லெஃப்ட்?” என்று உறுதிப்படுத்தக் கேட்கும்போது நீங்கள் “ரைட்!” என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? சரி என்பதற்கு “யெஸ், கரெக்ட்”. வழி சொல்லும்போது ‘ரைட்’ வலப்பக்கத்துக்கு மட்டும்.

தலையாட்டல். ஓம் என்பதற்கு நாங்கள் தலையை இரண்டு பக்கமும் லேசாகச் சரிப்போம். ஐரோப்பியருக்கு அது ‘இல்லை’ என்பது மாதிரியும் படும், ‘தெரியாது’ என்பது மாதிரியும் படும். வாயைத் திறந்து “யெஸ்” சொல்லுங்கள்.

டவுன், அப். “கோ டவுன் திஸ் கொரிடோர்” என்றால் இந்த நடைபாதையால் நேரே போ; படி இறங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. “கோ அப் டு த ஃபவுண்டன்” என்றால் நீரூற்று வரை போ, மேல்மாடிக்கு அல்ல. வாடிக்கையாளரோ மேலதிகாரியோ இப்படிச் சொன்னால் விளங்கிக்கொள்ளத் தெரிந்தால் போதும். நீங்கள் சொல்லும்போது ‘அப்’, ‘டவுன்’ இரண்டையும் மாடிக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

கோப்பியும் கொப்பியும். ஒருவர் “கொஃபி ஷொப்” கேட்பார், இன்னொருவர் ஃபோட்டோக்கொப்பி எடுக்க “கொப்பி ஷொப்” கேட்பார். சந்தேகமென்றால் “கொஃபி டு ட்ரிங்க்?” என்று ஒரு கேள்வி போடுங்கள், முடிந்தது.

பதின்மூன்றும் முப்பதும். ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே குழம்பும். கடை இலக்கத்தை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: “ஷொப் நம்பர் வன் த்ரீ”, “ஷொப் நம்பர் த்ரீ ஸீரோ”.

6. விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள்

தெரியாத கடையைக் கேட்டால் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவது மிக மோசமான பழக்கம். பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பி உங்களிடமே வருவார்கள், அல்லது உங்கள் மேலதிகாரியிடம் போவார்கள்.

“சொரி, குட் யூ சே தட் அகெய்ன்?” திருப்பிச் சொல்லச் சொல்வது. “விச் ஷொப் ஆர் யூ லுக்கிங் ஃபோர்?” எந்தக் கடை என்று கேட்பது. “வட் டூ யூ வோன்ட் டு பை?” கடைப் பெயர் அவருக்கே தெரியாதபோது இதுதான் கைகொடுக்கும். “கேன் யூ ஷோ மி ஒன் யோர் ஃபோன்?” பெயர் வாயில் வராத கடைகளுக்கு. “வன் மினிட், லெட் மி செக்.” “ஐ ஆம் நொட் ஷோர். ஐ வில் ஆஸ்க் மை கொலீக்.” வெறும் ‘வட்?’ மட்டும் கேட்க வேண்டாம், ஆங்கிலத்தில் அது “என்ன?” என்று சினந்து கேட்ட மாதிரி.

7. அடிக்கடி வரும் கேள்விகள்: பத்திரம், காசு, நேரம்

காசு மாற்ற, சிம் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரருக்கு வழியோடு இன்னொரு வசனமும் சேருங்கள்: “யூ வில் நீட் யோர் பாஸ்போர்ட்.” பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்தவர், மூன்று மாடி ஏறியபிறகு அதை அறிந்தால் கோபம் உங்கள் மேல்தான் வரும்.

வாகனம் விட்டவர்களுக்கு: “ப்ளீஸ் கீப் யோர் டிக்கெட்.” காசு கட்டும் மெஷின் இருக்கும் மோலென்றால், “ப்ளீஸ் பே அட் த மெஷின் பிஃபோர் யூ கோ டு யோர் கார்.” டிக்கெட்டைத் தொலைத்தவருக்கு “ப்ளீஸ் கோ டு த பார்க்கிங் ஒஃபிஸ்.” மணிக்கு எவ்வளவு என்று கேட்டால் நினைவிலிருந்து தொகை சொல்ல வேண்டாம், கட்டணம் மாறும். “த ரேட்ஸ் ஆர் ஒன் த போர்ட்” என்று பலகையைக் காட்டுங்கள். காரை எங்கே விட்டோமென்று மறந்து வருகிறவர்கள் தினமும் இருப்பார்கள். “வட் கலர் வொஸ் த பில்லர்?” என்று கேளுங்கள். தூணில் நிறமோ எழுத்தோ அடித்திருக்கும். பலருக்கு நிறம்தான் ஞாபகம் நிற்கும்.

நேரத்துக்கு: “இட் ஓப்பன்ஸ் அட் டென்”, “இட் க்ளோசஸ் அட் டென்”. மோல் மூடும் நேரம் வேறு, உள்ளே இருக்கும் சுப்பர்மார்க்கெட், சினிமா, ஃபுட் கோர்ட் மூடும் நேரம் வேறு. அவற்றைத் தனியாக எழுதி வையுங்கள். பூரணை தினத்தில் மதுபானக் கடை பூட்டு. ‘போயா’ என்றால் புதிதாக வந்தவருக்கு விளங்காது: “இட்ஸ் க்ளோஸ்ட் டுடே. இட்ஸ் த ஃபுல் மூன் ஹொலிடே.”

குழந்தைக்கு உடை மாற்றும் அறை ‘பேபி ரூம்’, தொழுகை அறை ‘ப்ரேயர் ரூம்’. இரண்டும் எந்த மாடியென்று கேட்குமுன்பே தெரிந்து வைத்திருங்கள். தேடிக்கொண்டு நிற்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

8. அவசர நேரம்

தீ மணி அடித்தால் நீட்டி முழக்க வேண்டாம். “திஸ் வே, ப்ளீஸ்.” “யூஸ் த ஸ்டெயர்ஸ்.” “டோன்ட் யூஸ் த லிஃப்ட்.” இந்த மூன்றும், கையும் போதும். பிள்ளையைத் தொலைத்த தாய் தகப்பனுக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டாம். “ப்ளீஸ் ஸ்டே ஹியர். வட் இஸ் ஹி வெயரிங்?” என்று உடுப்பைக் கேட்டு, உடனே செக்கியூரிட்டிக்கு அறிவியுங்கள். பெண் பிள்ளையென்றால் ‘ஹி’ என்ற இடத்தில் ‘ஷி’.

9. காசில்லாமல் பழகுவது

கொப்பி ஒன்று, போன் ஒன்று. போன் கீபோர்ட்டில் மைக் அடையாளம் இருக்கும்; மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி “டேர்ன் லெஃப்ட்” என்று சொல்லுங்கள். போன் ‘லிஃப்ட்’ என்று எழுதினால் உங்கள் உச்சரிப்பு இன்னும் சரிவரவில்லை. சரியாக எழுதும்வரை சொல்லுங்கள். ‘பாஸ்ட், ஃபாஸ்ட்’, ‘கொஃபி, கொப்பி’, ‘தேர்ட்டீன், தேர்ட்டி’ எல்லாவற்றையும் இப்படியே சோதிக்கலாம்.

தெரிந்த இடத்தை வைத்துப் பழகினால் வேகமாக வரும். வவுனியா பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, கிளிநொச்சிச் சந்தைக்குள் மீன் பக்கத்திலிருந்து மரக்கறிப் பக்கத்துக்கு என்று நாலு துண்டில் சொல்லிப் பாருங்கள். பிறகு மோல் வரைபடத்தை மேசையில் விரித்து, நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பியோ தங்கச்சியோ விரலை நகர்த்தட்டும். விரல் தவறான கடையில் போய் நின்றால் எந்தத் துண்டில் பிழைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது துண்டில்தான் பிழைக்கும்: எஸ்கலேட்டரால் இறங்கியவர் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறார் என்பதை மறந்துவிடுவோம்.

10. நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, ஜி.எஸ். (கிராம சேவகர்) தரும் வதிவிட, நற்சான்றுப் பத்திரம். ஜி.எஸ். கையெழுத்தோடு நிற்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். ஜி.எஸ். எல்லா நாளும் ஒஃபிஸில் இருக்க மாட்டார். ஆகவே கடைசிக் கிழமையில் ஓட வேண்டாம். செக்கியூரிட்டி வேலையென்றால் பொலிஸ் நற்சான்றும் கேட்பார்கள். அது கைக்கு வர நாள் எடுக்கும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வையுங்கள், மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியுமுன் கொழும்பில் இறங்கிவிடலாம். மோல் திறக்கப் பல மணி நேரம் இருக்கும். முகம் கழுவி உடை மாற்ற கோட்டைப் பக்கத்திலேயே இடம் பார்த்து வையுங்கள். நேர்முகம் மதியத்துக்குப் பிறகென்றால், திறந்தவுடன் உள்ளே போய்த் தரைத்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வோஷ்ரூமும் லிஃப்டும் ஃபுட் கோர்ட்டும் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். “ஃபுட் கோர்ட்டுக்கு எப்படிப் போவது, ஆங்கிலத்தில் சொல்லும்” என்று கேட்டால், நேர்முகம் நடக்கும் அறை வாசலிலிருந்தே தொடங்கி நாலு துண்டில் சொல்லுங்கள்.